எங்கள் வெண்ணெய் ஆகும், எங்கள் கை ஆகாது

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுக் கொட்டகையில் நடந்தது இது. அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைக் காரியங்களைப் பார்க்கும் மூப்பர், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், இருந்தார். அவர் சம்சாரம் இருந்தார். உபதேசியார் இருந்தார். மேலத்தெருக் குடும்பங்களின் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். கீழத்தெருவிலிருந்து என் அக்காவும் நானும் மட்டும். இல்லாதவர்கள் மூன்று பேர். மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானியம்மா விடுப்பில் கப்பலேறிச் சீமைக்குப் போயிருந்தார். போதகர், யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று விடியற்காலையிலேயே கிருஷ்ணன்கோவிலுக்குப் போய்விட்டார். அம்மா, சித்தியின் பிரசவத்துக்காக ஆலங்குளத்தில் இருந்தாள். இந்த மூவரில் ஒருவர் அங்கே இருந்திருந்தாலும் காரியம் வேறு மாதிரிப் போயிருக்கும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அப்பா இறந்த பிறகு அக்கா துரைசானியம்மாவின் பங்களாச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். முதலில் பாத்திரம் துலக்கினாள், பிறகு மாவு சலித்தாள், கொஞ்ச வருஷத்தில் அந்த அடுப்படியே அவள் பொறுப்பில் வந்துவிட்டது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்துப் பயிற்சி முடித்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். அவள் கல்யாணம் என்ற பேச்சு இதற்கிடையில் எப்போது நின்றுபோனது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் துரைசானியம்மா சபையாருக்கு வெண்ணெய்க் கேக் கொடுப்பார். அடிப்பது அக்கா. முட்டைகளைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சீனி, அதே எடைக்கு மாவு நிறுத்துக்கொள்வாள். வெண்ணெயைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் கட்டிப் பிழிந்து, ஈரம் போக வைப்பாள். சீனியை உரலில் இடித்து மெல்லிய துணியில் சலிப்பாள். பிறகு இரண்டையும் ஒரு அகன்ற பாத்திரத்தில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். கரண்டிக்கு அந்தப் பதம் பிடிபடாது என்பாள் அக்கா. சீனி கரைந்ததா, வெண்ணெய் காற்றுப் பிடித்ததா என்று கைக்குத்தான் தெரியுமாம். ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அதன் பிறகுதான் முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றுவது, மாவைத் தூவுவது எல்லாம். ஆகையால் கேக் என்பது கை வைத்துச் செய்கிற பண்டம். அதுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது.

அந்த வருஷம் துரைசானியம்மா இல்லை. கேக் இல்லாமல் போகுமோ என்று சபையில் கவலை. மேலத்தெருக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷ வீட்டுக் கேக்குக்கு அந்த வம்சத்துப் பெண்கள் ஒவ்வொருவரும், ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம், பாத்திரத்தில் கை வைத்து அடிப்பார்கள். போதகர் அதை மனதில் வைத்துக்கொண்டு பிரசங்க பீடத்திலிருந்து சொன்னார்: "இந்த வருஷம் சபையே ஒரு குடும்பம். எல்லா வீட்டுப் பெண்களும் கை வைத்து ஒரே கேக்காக அடிப்போம்."

அக்கா பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை வருஷமும் பங்களாவின் பின்கட்டில் அடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் சபையில் தன் கேக்கைத் தானே வரிசையில் நின்று ஒரு துண்டு வாங்கி வந்தவள். ஒரு தடவையாவது அவளுடைய சபையில், அவளுடைய வீட்டுப் பேரில், எல்லோருக்கும் முன்னால் அந்தப் பாத்திரத்தில் கை வைக்க வேண்டும் என்ற ஆசை அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வந்துவிட்டது. வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் அவளைப் பார்த்ததில்லை.

யார் யார் என்ன கொடுப்பது என்று பேசியபோது, "வெண்ணெய் எங்க வீட்டுது" என்று முந்திக்கொண்டு சொன்னாள். கூமாப்பட்டியில் எங்கள் மாமாவுக்கு எருமைகள் உண்டு. அவள் நடந்தே போய் வாங்கி வந்தாள். நடந்தே என்றால் மலையடிவாரம் வரைக்கும். வெண்ணெய்ப் பானையை இடுப்பில் வைத்து, வெயிலில் உருகாமல் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அன்று காலை அந்த வெண்ணெயை எல்லோரும் புகழ்ந்தார்கள். மூப்பரம்மா ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "அம்புட்டும் சுத்தம். மல்லியப்பூ மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் வீட்டுப் பித்தளை உருளியில் வெண்ணெயும் சீனியும் போட்டார்கள். அக்காவைக் கரி அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். அவளும் உட்கார்ந்தாள். மேலத்தெருப் பெண்கள் ஒவ்வொருவராக உருளி முன் உட்கார்ந்து, ஜெபம் சொல்லி, அடித்துவிட்டு எழுந்தார்கள். நான் கொட்டகையின் மறு கோடியில் ஏணியில் நின்று காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பெண் எழுந்ததும் உபதேசியார், "சரி, இனி முட்டைய ஊத்தலாம்" என்றார்.

அக்கா எழுந்து நின்றாள். "நான் இன்னும் கை வைக்கலையே" என்றாள் சாதாரணமாக.

யாரும் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வாளித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். வந்து உட்கார்ந்தாள். வலது கையை உருளியில் வைத்து, கண்ணை மூடி, "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்கினாள். அவ்வளவுதான். மூப்பரம்மா பக்கத்தில் கிடந்த அகப்பையைத் திருப்பி, அதன் காம்பால் அக்காவின் மணிக்கட்டில் சுள்ளென்று ஒரு அடி வைத்தார். கையைத் தொட்டால் தீட்டு. அதற்காகத்தான் காம்பு.

"ஏட்டி! கைய எடு! எடுன்னா எடேன்!"

அக்கா கண் திறந்து பார்த்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஏம்மா? நல்லா சோப்புப் போட்டுத்தானே கழுவுனேன்?"

"சோப்புப் போட்டா போயிருமாக்கும்?"

நான் ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உருளிக்கு முன்னால் போய் நின்றேன். "போதகரய்யா எல்லா வீடும்னு சொன்னாகளா இல்லையா?" என்று கேட்டேன்.

மூப்பர் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "சொன்னா? எல்லாருந்தான் வந்திருக்கோம். வெண்ணெய உங்கிட்ட வாங்கலையா? அடுப்பு உங்க அக்கா பொறுப்புலதான இருக்கு? பொறவு என்னலே உனக்குக் கொறை?"

"துரைசானியம்மா பங்களாவுல வருஷா வருஷம் கேட்டு வாங்கித் தின்னீங்களே, வீட்டுக்கும் மடிச்சுக் கொண்டுபோனீங்களே, அது யாரு கையால அடிச்ச கேக்கு?"

"அது துரைசானியம்மா கேக்குலே, வாத்தி" என்றார் மூப்பர். "இது நம்ம கேக்கு."

பெண்களில் யாரோ சிரித்தார்கள். இன்றைக்கும் எனக்குப் பல் கடிக்கத் தோன்றுவது அந்தப் பதிலை நினைத்தால்தான். வெள்ளைக்காரி வெட்டிக் கொடுத்தால் அக்காவின் கை மறைந்துபோகிறது. அதே கை சொந்தச் சபையில் வெளியே தெரிந்தால் அடி.

உபதேசியார் சமாதானத்துக்கு வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கொடுமை. தாழ்ந்த குரலில் சொன்னார்: "நல்ல நாளும் அதுவுமா சத்தம் எதுக்கு? கை பட்டது பட்டுருச்சு. கொட்டவா முடியும், எம்புட்டுச் சாமான்! அடுப்புல வேகத்தானே போவுது, நெருப்புப் பட்டா எல்லாம் சுத்தம். ஏம்மா, நீ போயி கரியப் பாரு. யாரும் வெளிய சொல்லிக்கிட வேண்டாம், என்ன?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மூப்பரம்மாகூட முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அக்கா எழுந்தாள். கையில் ஒட்டியிருந்த வெண்ணெயை உருளியின் விளிம்பில் வழித்து உள்ளேயே விட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, விசிறியை எடுத்துக் கரியை விசிறத் தொடங்கினாள்.

அடித்ததைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. அவள் விசிறியை எடுத்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த வெண்ணெய் வேண்டும், அவள் விசிறுகிற நெருப்பு வேண்டும், அவள் கையை மட்டும் நெருப்பில் எரித்துச் சுத்தம் செய்துகொள்வார்கள். நான் சட்டைக் கையை மடக்கினேன். இரண்டு கையையும் மணிக்கட்டு முங்க அந்த உருளிக்குள் விட்டேன்.

"இப்ப மூணு கை பட்டுருச்சு" என்றேன். "எம்புட்டு நெருப்பு வேணும்னு சொல்லுங்க. கரி நான் வாங்கியாரேன்."

அதன் பிறகு கொட்டகையில் எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. மூப்பர் இப்போதுதான் எழுந்தார். "நாலு எழுத்துப் படிச்ச திமிருலே உனக்கு! அந்தப் பள்ளிக்கூடத்துல உன்ன உக்கார வச்சதே நாங்கதாம்லே!" என்று கத்தினார். "உக்கார வச்சது எங்க அக்கா" என்று நானும் கத்தினேன். உபதேசியார் என் தோளைப் பிடிக்கக் கை நீட்டி, பிடிக்காமலே இழுத்துக்கொண்டார்.

அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். எனக்காகப் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"கிறுக்குப் பயலே! ஒன் கைச்சூடு வெண்ணெய்ல ஏறுதுலே! எடுலே கைய!"

நான் எடுத்தேன். அவள் என் விரல் ஒவ்வொன்றையும் தன் உள்ளங்கை விளிம்பால் வழித்து, ஒரு பொட்டு வீணாகாமல் உருளிக்குள் சேர்த்தாள். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள். "இனிமே இத நீங்க யாரும் திங்க மாட்டீகல்ல?"

"நாய்கூடத் திங்காது" என்றார் மூப்பரம்மா.

"அப்பச் சரி. நாங்க தூக்கிட்டுப் போறோம்."

முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினாள். "ஒரு பக்கம் பிடிலே" என்றாள். பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டேன். வாசல் வரைக்கும் போன பிறகுதான் மூப்பரம்மாவுக்குச் சுரணை வந்தது. "ஏட்டி, உருளி எங்க உருளிட்டீ!"

அக்கா திரும்பவில்லை. "கழுவிக் கொண்டாரேன்மா. அதுக்குப் பொறவு புளியப் போட்டு நீங்க ஒருக்கா, உங்க மாமியா ஒருக்கா வெளக்கிக்கிடுங்க."

தேரடி வழியாக அவள் தலையில் உருளியோடு முன்னால் போக, கை முழுக்க வெண்ணெய்ப் பிசுக்கோடு நான் பின்னால் போனேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "என்ன வாத்தியாரே, கலியாணப் பந்தியா?" என்று கேட்டார். அக்கா, "ஆமா, சம்பந்தி வீட்டுல சண்ட" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே போனேன்.

எங்கள் தெருவில் முதலில் எல்லோரும் பயந்தார்கள். "கோயில் சாமான இப்பிடித் தூக்கிட்டு வந்துட்டியேட்டி" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா வாயில் கை வைத்தார். அக்கா நடந்ததைச் சொல்லவில்லை. மணிக்கட்டைக் காட்டினாள். காம்பு பட்ட இடம் கன்றி வீங்கியிருந்தது. பெரியம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். மடியில் முட்டைகளோடு வெளியே வந்தார். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அடைக்கு வைத்திருந்த முட்டையைக்கூடக் கோழியை விரட்டிவிட்டு எடுத்து வந்தாள் ஒருத்தி. மாவுக்கு நான் பஜாருக்கு ஓடினேன். கொட்டகையில் தங்கிவிட்டது முட்டையும் மாவும், எங்களிடம் வந்தது வெண்ணெயும் சீனியும். "மேலத்தெருவுல இன்னைக்கு முட்டைப் பொரியலும் ரொட்டியுந்தான்" என்று யாரோ சொல்ல, பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கை வைத்தார்கள். ஜெபம் முழுதாகத் தெரியாதவர்கள் தெரிந்த மட்டும் சொன்னார்கள். கிறிஸ்தவர்கள் அல்லாத இரண்டு வீட்டுக்காரர்களையும் அக்கா விடவில்லை. "ஒனக்குத் தெரிஞ்ச சாமியச் சொல்லிக்கிட்டு அடி" என்றாள். அண்டாவின் அடியில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டுகளை வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைக் கரி நெருப்பைப் பரப்பினாள். வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிற்று. முதல் தட்டு ஒரு பக்கம் கருகிவிட்டது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, "கோபத்துல கரிய அள்ளிப் போட்டுட்டேன்" என்றாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்றுதான் முதல்முதலாக வெண்ணெய்க் கேக் தின்றார்கள்.

சாயங்காலம் போதகர் சைக்கிளில் வந்தார். எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். வருத்தப்பட்டார், கண்கூடக் கலங்கினார். பொறுமையாக இருந்திருக்க வேண்டும், பேசித் தீர்த்திருக்கலாம் என்றார். அக்கா ஒரு தட்டில் நல்ல பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி வைத்து நீட்டினாள். அவர் தட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "இல்லம்மா, இன்னைக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினார். மூப்பர்மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அளவு உண்டு. அந்த வயிற்றுவலிமேல் இருக்கிற கோபத்துக்கு அளவு இல்லை.

புது வருஷம் பிறந்ததும் சபைக் கமிட்டி கூடியது. சபைச் சொத்தை அபகரித்ததற்குப் பதினோரு ரூபாய் அபராதம், சபை முன்னால் மன்னிப்பு. அபராதம் கட்டத் தவறினால் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு இடமில்லை என்றார்கள். அப்பா அங்கேதான் படுத்திருக்கிறார். ஆலங்குளத்திலிருந்து திரும்பியிருந்த அம்மா அழுதாள்.

அக்கா கமிட்டி முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "வெண்ண நாங்க குடுத்தது. அதுக்குமா சேத்து அபராதம்?"

"கோயிலுக்குக் குடுத்த பொறவு அது கோயிலுது" என்றார் மூப்பர்.

"அப்பச் சரி" என்றாள் மறுபடியும். முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் பணத்தை வைத்தாள். "எங்கய்யா குழிக்காகத் தாரேன். மன்னிப்பு மட்டும் எங்கிட்ட இல்ல, எந்தம்பிகிட்டயும் இருக்காது."

அந்த மாதத்தோடு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இல்லை என்றார்கள். காரணம் கேட்டேன். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். பதினான்கு ரூபாய்ச் சம்பளம் போயிற்று. ஏழு மாதம் அலைந்து, கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் ஆள்வரவு எழுதுகிற குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மூவரும் குடிபெயர்ந்தோம். துரைசானியம்மா சீமையிலிருந்து திரும்பியதும் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். கிறிஸ்துமஸ் வருகிறது, கேக் அடிக்க ஆள் இல்லை என்று. அக்கா போகவில்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், மில்லில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வாரம், "இன்னுமா அதை வைத்துக்கொண்டு கொதிக்கிறீர்கள், மன்னித்துவிட வேண்டியதுதானே" என்று சொன்னதுதான். மன்னிப்பு என்று யாராவது வந்து கேட்டிருந்தால் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்திருப்பேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே கோபத்தைக் கெடாமல் வைத்திருக்கிறேன். படித்தவன் என்ற பேர் எனக்கு எதற்காவது உதவ வேண்டுமென்றால், மறக்காமல் இருப்பதற்காவது உதவட்டும். அக்கா தன்னுடைய சபையில், தன்னுடைய கையை ஒரு பாத்திரத்தில், அரை ஜெபம் சொல்கிற நேரம்கூட இல்லை, வைத்திருந்ததற்கு அபராதத்தையும் ஏழு மாதம் போன சம்பளத்தையும் கூட்டினால் நாங்கள் கொடுத்த விலை நூற்று ஒன்பது ரூபாய்.